கெண்டைக்குத் தூண்டில் போட என்னென்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முதலாக வாங்குகிறேன். எதில் அதிகம் செலவழிக்க வேண்டும்?

மீனுக்கு மிக அருகில் இருக்கும் பொருளில் தொடங்கி, உங்கள் கையை நோக்கி வாருங்கள். முதலில் முள், அப்புறம் முள்ளைக் கட்டும் இழை, பிறகு நரம்பு (ரீலில் சுற்றும் நூல்), ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பகுதி), கடைசியில்தான் ராடு (தூண்டில் கம்பு). பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராடுக்கே முக்கால் பணத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பாக்கெட் மழுங்கல் முள்ளும் எப்போதோ சுற்றிவைத்த நரம்பும் வாங்கி வருகிறார்கள். ஆனால் கெண்டை தப்பும்போது காரணத்தைத் தேடினால் முள் பதிந்திருக்காது, முடிச்சு நழுவியிருக்கும், இல்லையென்றால் நரம்பு எங்கோ உரசி அறுந்திருக்கும். ராடு உடைந்து மீன் போவது அபூர்வம்.

1952இல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டையைக் கரையேற்றினார். அது ஏறக்குறைய 20 கிலோ. அவர் கையில் இருந்தது, பிளந்த மூங்கில் கீற்றுகளை ஒட்டிச் செய்த ராடு. இன்று கிடைக்கும் மிக எளிய கார்பன் ராடுகூட அதைவிட எடை குறைவு. ஆகவே ராடு விஷயத்தில் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கெண்டை என்றால் எல்லாம் கெண்டைதானே? எல்லாவற்றுக்கும் ஒரே செட் போதாதா?

ராடும் ரீலும் ஒன்றே போதும். நுனியில் கட்டுவது மாறும். மீனின் வாயைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

சாதாக்கெண்டையின் வாய் கீழ்நோக்கி நீண்டு வரும், வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசை இருக்கும். சேற்றைக் கிளறி, கிடைத்ததை உறிஞ்சி, வேண்டாததைத் துப்பிவிடும். மிர்காலும் அடித்தரையில் மேய்வதுதான். இந்த இரண்டுக்கும் இரை தரையில் கிடக்க வேண்டும், அதனால் ஈயம் கட்டிய அமைப்பு பொருந்தும். ரோகு பெரும்பாலும் நடுத்தண்ணீரில் மேயும். கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கி எழுந்திருக்கும், மீசை கிடையாது, மேல்மட்டத்தில் மேயும் மீன். அதற்குத் தக்கை கட்டி, இரையை ஆழம் பார்த்துத் தொங்கவிடுவதுதான் முறை. தரையில் இரையைப் போட்டுவிட்டுக் கட்லா வரவில்லையே என்று நாள் முழுக்கக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கருவியில் குறையே இருக்காது, ஆழம்தான் தப்பாக இருக்கும்.

புல்கெண்டை தாவரம் தின்பது. மேற்பரப்பில் மிதக்கும் இரையையும் எடுக்கும். வெள்ளிக்கெண்டை தண்ணீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்பதால் சாதாரண முள்ளில் வருவது கடினம். தண்ணீரில் மெல்லக் கரைந்து மேகமாகப் பரவும் மாவு உருண்டையைத் தக்கையின் கீழ் தொங்கவிட்டு, அதைச் சுற்றிச் சின்ன முட்களை வைத்துப் பிடிக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாம்.

முள் எந்த அளவு வாங்குவது? எண்கள் குழப்புகின்றனவே.

எண் கூடக்கூட முள் சிறியது. 10ஆம் எண்ணைவிட 4ஆம் எண் பெரியது. கெண்டைக்கு 4, 6, 8 ஆகிய மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான இரைகளுக்குப் போதும். மக்காச்சோள மணி ஒன்றிரண்டு என்றால் 8, பெரிய உருண்டை இரை என்றால் 6 அல்லது 4. ஒரு கம்பெனியின் 6ஆம் எண்ணும் இன்னொன்றின் 6ஆம் எண்ணும் அச்சாக ஒரே அளவில் இருக்காது. அதனால் எண்ணோடு நிற்காமல், இரையைப் பக்கத்தில் வைத்து முள்ளைப் பாருங்கள். இரை முள்ளின் வாயை அடைத்துவிடக் கூடாது.

எண்ணைவிட முக்கியம் இரண்டு. ஒன்று, கம்பியின் தடிமன். கெண்டை கனமான மீன். மெல்லிய கம்பி முள் இழுவையில் விரிந்துவிடும். இரண்டு, கூர்மை. முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாகச் சாய்த்து வைத்து நகர்த்துங்கள். நகத்தில் பிடித்து நின்றால் நல்ல முள். வழுக்கிக்கொண்டு போனால் அதைத் தூக்கிப் போடுங்கள், பாக்கெட் புதிதாக இருந்தாலும் சரி. கரையில் ஒவ்வொரு முறை இழுத்தெடுக்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்யலாம், இரண்டு விநாடி வேலை. கல்லில் ஒருமுறை உரசினாலே நுனி மடங்கிவிடும்.

எதிர்முள் இருக்கும் முள்ளா, இல்லாத முள்ளா?

எதிர்முள் என்பது முள்ளின் கூருக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர். பிடித்த மீனைத் திரும்ப விடுவதென்றால் எதிர்முள் இல்லாதது. எளிதில் கழன்று வரும், வாய் கிழியாது, உங்கள் விரலில் ஏறினாலும் தொல்லை குறைவு. நரம்பைத் தளரவிடாமல் பிடித்திருந்தால் மீன் போகாது. எதிர்முள் உள்ளதுதான் கையில் இருக்கிறதென்றால் இடுக்கியால் அதை நசுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஹேர் ரிக் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது அவசியமா?

சாதாக்கெண்டைக்குக் குறிவைத்தால், ஆமாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன, அங்கேதான் நத்தையோட்டைக்கூட நொறுக்கும். அதனால் அது இரையைக் கடித்து இழுப்பதில்லை. உறிஞ்சுகிறது, உதட்டாலும் வாயின் உட்புறத்தாலும் சோதிக்கிறது, சந்தேகம் வந்தால் துப்புகிறது. முள்ளிலேயே குத்திய இரை விறைப்பாக இருக்கும், உறிஞ்சும்போது இயல்பாக வராது. இரை முள்ளின் கூரையும் மூடிக்கொண்டிருக்கும். ஆக, மீன் இரையை வாய்க்குள் எடுத்து வெளியே ஊதிவிட்டுப் போயிருக்கும், கரையில் நமக்கு ஒன்றுமே தெரியாது.

1980ஐ ஒட்டி இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடாக்ஸும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோர்த்தார்கள். முதலில் அந்த இழை நிஜமான தலைமுடிதான். முள் வெறுமையாக நிற்கும். மீன் இரையை உறிஞ்சினால் முள்ளும் கூடவே உள்ளே போகும். துப்பும்போது இரை வெளியே வரும், வெறும் முள் கீழுதட்டில் தைத்துவிடும்.

கட்டுவது எளிது. சுமார் 30 செ.மீ. இழையை எடுத்து, ஒரு முனையில் சின்னக் கண்ணி போடுங்கள். இரையை அந்தக் கண்ணியில் கோர்த்து, கழன்று விழாமல் சின்னத் தடுப்பு ஒன்றைச் செருகுங்கள். கோர்ப்பதற்குக் கொக்கி நுனி உள்ள இரை ஊசி வேண்டும், வாங்கிவிடுங்கள். இழையின் மறுமுனையை முள்ளின் காதில் (தண்டின் மேல்முனையில் உள்ள துளை), கூர் இருக்கும் பக்கத்திற்கு நேர்பின்புறத்திலிருந்து நுழையுங்கள். இரைக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை செ.மீ. இடைவெளி விட்டு, நீண்ட முனையால் முள்ளின் தண்டையும் இரை இழையையும் சேர்த்து 7 அல்லது 8 சுற்றுச் சுற்றுங்கள். பிறகு அதே முனையை மறுபடியும் காதின் பின்புறத்திலிருந்தே நுழைத்து இழுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து நுழைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாற்றி நுழைத்தால் முள் திரும்பாது. கட்டி முடித்ததும் உள்ளங்கையின்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். முள் தானாகத் திரும்பி, தோலில் கூர் படும்படி சாய வேண்டும்.

முள்ளிலிருந்து ஸ்விவல் (இழையையும் நரம்பையும் இணைக்கும் சுழல் வளையம்) வரை 15 முதல் 20 செ.மீ. நீளம் நல்ல தொடக்கம். அடியில் சேறு ஆழமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள், இல்லையென்றால் ஈயம் சேற்றில் புதையும்போது இரையையும் இழுத்துக்கொண்டு போகும்.

பல் தொண்டையில் இருக்கிறது என்றால் கம்பி லீடர் வேண்டுமா?

வேண்டாம். கம்பி லீடர் என்பது பல்லால் அறுபடாமல் இருக்க முள்ளுக்கு முன்னால் கட்டும் கம்பித் துண்டு. கெண்டைக்கு நரம்பை அறுக்கும் பல் வாயில் இல்லை.

நரம்பில் எது நல்லது: நைலானா, பிரெய்டா, ஃபுளோரோகார்பனா?

தொடங்குபவர்களுக்கு நைலான். 12 முதல் 15 பவுண்டு வலு, அதாவது ஏறக்குறைய 0.35 மி.மீ. தடிமன். நைலான் நன்றாக நீளும். கரைக்கு அருகில் கெண்டை திடீரென்று தலையைத் திருப்பிப் பாயும்போது அந்த நீட்சிதான் முள் பிய்ந்து வராமல் காப்பாற்றும். முடிச்சும் நன்றாகப் பிடிக்கும், விலையும் கட்டுப்படியாகும், அடிக்கடி மாற்றலாம்.

பிரெய்டு, அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு, ஏறக்குறைய நீளவே நீளாது. தூரத்தில் மீன் தொட்டால்கூடத் தெரியும், அதே வலுவுக்கு மெலிதாக இருப்பதால் தூரம் போகும். ஆனால் மிதக்கும், பாறையில் உரசினால் சீக்கிரம் அறும், இழுவையில் மீனின் வாய்க்கு எந்த இரக்கமும் காட்டாது. மீனின் துடுப்பையும் செதிலையும் கீறும் என்பதால் சில நீர்நிலைகளில் அனுமதிப்பதும் இல்லை. அடர்ந்த செடிக்குள் போடுபவர்களுக்குப் பிரெய்டு பயன்படும். மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

ஃபுளோரோகார்பன் தண்ணீரைவிடக் கனம் அதிகம் என்பதால் அடித்தரையோடு படிந்து கிடக்கும். தண்ணீரில் எளிதில் கண்ணுக்கும் படாது. தெளிந்த, ஆழம் குறைந்த நீரில் அது பெரிய நன்மை. ஆனால் விறைப்பு அதிகம், ஸ்பூலில் (ரீலில் நரம்பைச் சுற்றிவைக்கும் பகுதி) அடங்காது. அதைக் கடைசி ஒன்றிரண்டு மீட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்ல சமரசம்.

எதை வாங்கினாலும் கடைசி இரண்டு மீட்டரை அவ்வப்போது நகத்துக்கும் விரலுக்கும் நடுவே வைத்து ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக ஓரிடம் தட்டுப்பட்டால் யோசிக்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

எந்த முடிச்சு?

பாலோமர் முடிச்சு (நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்துக் கட்டுவது) ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டும் அளவுக்குப் பழகினால் போதும். இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நைலானை இழுத்து இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே அந்த இடம் பலவீனமாகும். முடிச்சுக்குப் பக்கத்தில் நரம்பு சுருண்டு வெளுத்துப்போயிருந்தால் அது சூடுபட்ட அடையாளம், வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ஈயம் எவ்வளவு எடை?

ஹேர் ரிக்குடன் என்றால் 60 முதல் 100 கிராம் வரை. இவ்வளவு கனமா என்று தோன்றும். காரணம் உண்டு. மீன் இரையை எடுத்து நகரும்போது ஈயத்தின் எடையே முள்ளை உதட்டில் பதிக்கிறது. முள் குத்தியதும் கெண்டை மிரண்டு பாயும், அப்போது முள் ஆழமாக இறங்கும். மிக இலேசான ஈயம் இந்த வேலையைச் செய்யாது. தக்கை கட்டிப் பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தக்கையை நிமிர்த்தி நிறுத்தும் அளவுக்குச் சின்ன ஈயமணிகள் போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நரம்பு அறுந்தால், மீன் அந்த ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியக் கூடாது. ஈயம் நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருந்தால், அறுந்த நரம்போடு மீன் செடியில் சிக்கி, மேயவும் முடியாமல் செத்துப்போகும். ஈயம் நரம்பில் தாராளமாக ஓடும் அமைப்பாக இருக்கட்டும், அல்லது இழுத்தால் ஈயத்தை விட்டுவிடும் கிளிப்பாக இருக்கட்டும். வீட்டிலேயே சோதித்துவிடலாம். நரம்பை ஈயத்துக்கு மேலே ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். ஒரு கையால் ஈயத்தைப் பிடித்துக்கொண்டு, முள் பக்கத்திலிருந்து மெல்ல இழுங்கள். ஈயம் விலகி வந்தால் சரி. வழியில் ஏதாவது முடிச்சிலோ மணியிலோ தட்டி நின்றால் அந்த அமைப்பைத் தண்ணீரில் போடாதீர்கள்.

இன்னொன்று, ஈயம் நஞ்சு. சிறிய ஈயமணிகளை அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987 முதல் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈயங்களைத் தூண்டிலுக்குத் தடைசெய்தார்கள். டங்ஸ்டன், தகரக் கலவையில் மாற்று மணிகள் கிடைக்கின்றன. சின்ன எடைகளுக்காவது அவற்றை வாங்குங்கள்.

ராடு எத்தனை அடி? அதில் எழுதியிருக்கும் டெஸ்ட் கர்வ் என்றால் என்ன?

கரை திறந்தவெளியாக இருந்து, தூரம் வீச வேண்டும் என்றால் 12 அடி. மரக்கிளைகள் தாழ்ந்திருக்கும் குளம், சிறிய ஓடை என்றால் 9 அல்லது 10 அடி. கிளையில் இடிக்கும் 12 அடி ராடால் யாருக்கும் பயன் இல்லை.

டெஸ்ட் கர்வ் என்பது ராடின் நுனியை 90 பாகை வளைக்கத் தேவையான எடை. 2.75 பவுண்டு என்று எழுதியிருந்தால் அந்த எடையில் நுனி செங்குத்தாக வளையும். எண் கூடினால் ராடு விறைப்பு, கனமான ஈயத்தைத் தூரம் வீசும். குறைந்தால் மீன் இழுக்கும்போது நன்றாக வளைந்து கொடுக்கும். எளிய கணக்கு ஒன்று உண்டு: டெஸ்ட் கர்வ் எத்தனை பவுண்டோ அத்தனை அவுன்ஸ் ஈயம் அந்த ராடுக்குப் பொருத்தம். 3 பவுண்டு ராடுக்கு 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். 2.75 பவுண்டு ராடு ஒன்று பெரும்பாலான இடங்களுக்குச் சரியாக வரும். 3.5 பவுண்டு ராடுகளை நூறு மீட்டருக்கு மேல் வீசுபவர்களுக்கு விட்டுவிடுங்கள். கெண்டை பெரும்பாலும் கரையோரச் செடிகளுக்கு அருகிலேயே மேயும், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து சில மீட்டரில்.

ரீலில் எதைப் பார்க்க வேண்டும்?

டிராக். அது தடங்கல் இல்லாமல் சீராக நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். கடையிலேயே டிராக்கைப் பாதி இறுக்கி, நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். முதலில் பிடித்துக்கொண்டு அப்புறம் திடீரென்று விடுகிறது என்றால் வேண்டாம். அந்த ஒரு கணத் தடுமாற்றத்தில்தான் நரம்பு அறும்.

டிராக்கை நரம்பின் வலுவில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைப்பது வழக்கம். 15 பவுண்டு நரம்புக்கு 4 அல்லது 5 பவுண்டு, அதாவது 2 கிலோ வாக்கில். தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்தால் எண் தெரியும். ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் அப்புறம் கையே சொல்லிவிடும்.

ராடைத் தாங்கியில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பெய்ட்ரன்னர் வகை ரீல் வாங்குங்கள். ஒரு நெம்புகோலை மாற்றினால் ஸ்பூல் தளர்ந்து, மீன் இழுத்த அளவுக்கு நரம்பு ஓடும். கைப்பிடியைச் சுற்றியதும் முன் டிராக் பிடித்துக்கொள்ளும். இந்த வசதி இல்லையென்றால் டிராக்கை நன்றாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால், பெரிய கெண்டை ராடையே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும்.

ரீலின் அளவு எண் 5000, 6000 என்பவை போதும். நரம்பை ஸ்பூலின் விளிம்புக்கு ஒன்றிரண்டு மி.மீ. கீழே வரை நிரப்புங்கள். குறைவாகச் சுற்றினால் தூரம் போகாது, அதிகமானால் கொத்தாக உதிரும்.

அலாரம் தேவையா?

மீன் நரம்பை இழுத்தால் ஒலிக்கும் அலாரம், ஒரு ராடைக் கையருகில் வைத்துக் கவனிப்பவருக்குத் தேவையில்லை. இரவில், அல்லது இரண்டு மூன்று ராடு போடும்போது நல்ல உதவி. அலாரத்தோடு நரம்பில் தொங்கும் பாபினும் (நரம்பின் அசைவைக் காட்டும் சிறு எடை) வாங்குங்கள். மீன் கரையை நோக்கி வந்தால் நரம்பு தளரும், பாபின் கீழே இறங்கும். அதுவும் மீன்தான், எழுந்து ஓடுங்கள்.

தாங்கிகளைக் கரையில் சுத்தியால் அடித்து இறக்காதீர்கள். கெண்டைக்குக் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புகள் உண்டு. அதனால் கேள்விப்புலன் மிகக் கூர்மை. கையால் அழுத்தித் திருகி இறக்குங்கள்.

கைவலை, பாய் எல்லாம் சின்ன மீனுக்கும் வேண்டுமா?

வேண்டும். அடுத்து வரும் மீன் எவ்வளவு பெரிது என்று முள் பதியும் வரை தெரியாது. ஒரு மீட்டர் அகலமுள்ள வலை, முடிச்சில்லாத மென்மையான கண்ணி, நீண்ட பிடி. மீன் களைத்ததும் வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்து, மீனை வலைக்கு மேல் கொண்டுவாருங்கள். வலையோடு மீனைத் துரத்தினால் விளிம்பு தட்டி முள் கழன்றுவிடும். தூக்கும்போது பிடியைப் பிடித்து நெம்பாமல், வலையின் விளிம்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள்.

கரையில் மீனைக் கிடத்த மெத்தென்ற பாய் ஒன்று கட்டாயம். அதை நனைத்து வையுங்கள், கைகளையும் நனைத்துக்கொள்ளுங்கள். கெண்டையின் உடம்பில் இருக்கும் வழவழப்புதான் அதை நோயிலிருந்து காக்கிறது. உலர்ந்த கையும் சூடேறிய மண்ணும் அதை உரித்துவிடும். முள் எடுக்க நீண்ட இடுக்கி ஒன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மீனை நின்றுகொண்டு பிடிக்காதீர்கள். முழங்கால் போட்டு, பாய்க்கு மேலேயே தாழ்வாகப் பிடியுங்கள். துள்ளினால் பாயில் விழும்.

பழைய ராடு, ரீல் வாங்கலாமா?

தாராளமாக. ராடின் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே வளையத்தின் உட்புறப் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, அது நரம்பை அரம்போல அறுக்கும். துண்டுகளைப் பொருத்தி ஆட்டினால் இணைப்பில் லொடலொடப்பு இருக்கக் கூடாது. ரீலில் நரம்பு ஓடும் சின்ன உருளை சுழல்கிறதா என்று பாருங்கள், சுழலாவிட்டால் அதுவும் நரம்பைத் தின்னும். ரீலோடு வரும் பழைய நரம்பை மட்டும் நம்பாதீர்கள். வெயில்பட்ட நைலான் பார்ப்பதற்குப் புதிதாக இருந்தாலும் வலு போயிருக்கும்.

கழற்றிய நரம்பை என்ன செய்வது?

ஒரு துண்டுகூடக் கரையில் விடாதீர்கள். நைலான் மட்கப் பல வருஷம் ஆகும், அதற்குள் பறவைகளின் காலைச் சுற்றிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து விரல் நீளத்துக்கும் குறைவான துண்டுகளாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். கரையில் யாரோ விட்டுப்போன நரம்பைப் பார்த்தாலும் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று பையில் மூடியுள்ள டப்பா ஒன்று வைத்திருந்தால் வசதி, பழைய முட்களையும் அதிலேயே போட்டுவிடலாம்.